வாய்தா

இலையுதிர்காலம் என்று எங்களுக்கு ஒன்று இல்லை.
ஆடிச்சாரல் ஓய்ந்து துலாமழை தொடங்குமுன்
பத்துநாள் வெயில் உண்டு.
அதற்குள் முற்றத்தை மீட்டுவிட வேண்டும்.

முதல்நாள் கொதும்பும் மட்டையும்.
இரண்டாம்நாள் சிரட்டைகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு வாய் மழை,
மழைக்குள் துள்ளும் கொசுப்புழு.
கவிழ்க்கக் கவிழ்க்க
மண் சத்தமில்லாமல் குடித்தது.
கிணற்றடிப் பாசியில் ஒருமுறை வழுக்கி
யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு
எழுந்தேன்.

மூன்றாம்நாள்தான் அயனி.

கம்பிவேலியின் மேல் கவிந்து நிற்கும் மரம்.
எங்களுக்கு என்று நாங்கள்,
அவர்களுக்கு என்று அம்புரோஸ் வீட்டார்.
இரணியல் கோர்ட்டில் ஆறு வருடம்.
சர்வேயர் மூன்றுமுறை சங்கிலி இழுத்து
கல் காணவில்லை என்று எழுதிப் போனார்.
மரம் இரண்டு வீட்டுக்கும் வேண்டும்,
இலை எந்த வீட்டுக்கும் வேண்டாம்.
நான் வாரி அந்தப்பக்கம் கொட்டுவேன்,
ஜெசிந்தா வாரி இந்தப்பக்கம் கொட்டுவாள்.
பேச்சு நின்ற பிறகு
நாங்கள் கொடுத்து வாங்கியது
அது ஒன்றுதான்.

இந்த வருடம் அங்கிருந்து ஒரு இலையும் வரவில்லை.
அம்புரோஸ் நெய்யூர் ஆஸ்பத்திரியில்,
இடுப்பெலும்பாம். அவள் அவரோடு.
வேலிக்கு அப்புறம் அவர்கள் ஓடை
முழங்கால் உயரம் இலை மூடிக் கிடந்தது.
ஓடை அடைந்தால் தண்ணீர் திரும்பும்,
திரும்பினால் நேரே என் அடுக்களை.
இரக்கம் என்று யாரும் எண்ண வேண்டாம்,
அரிசிப் பானை தரையில் இருக்கிறது.

கம்பியைத் தூக்கிக் குனிந்து போனேன்.
மேலே காய்ந்து மொறுமொறுக்கும் இலை,
அடியில் தேயிலைச் சண்டி போல் ஈரம்,
அதற்கும் அடியில் மண்புழு,
அட்டை, ஒற்றைச் செருப்பு,
யார் வீட்டுப் பிள்ளையுடையதோ ஒரு பம்பரம்.
பிறகு மம்பட்டி 'டங்' என்றது.

கையால் துழாவினேன்.
நாலு மூலைக் கல்.
நெற்றியில் கோணல் அம்புக்குறி.

வாரியலைக் கிடத்தி அளந்தேன்.
ஒருமுறை. நம்பாமல் இன்னொருமுறை.
கல்லுக்கு இந்தப்பக்கம் நாங்கள்.
கல்லுக்கு அந்தப்பக்கம், இரண்டு வாரியல் தூரத்தில்,
அயனி.

எங்களது இல்லை.

வடக்கே வேளிமலை கறுத்திருந்தது.
இரண்டு கை இலை போதும் மூட.
மூடினேன். நன்றாகவே மூடினேன்,
அடுப்பில் தீயை மூடுவது போல.
எழுந்து நின்று பார்த்தால்
அந்த இலைதான் ஓடையின் தொண்டையில்.
கல்லை மறைத்தால் வெள்ளம் வீட்டுக்குள்,
வெள்ளத்தை விட்டால் கல் வெளியே.
மூடியதை எடுத்தேன்.
மறுபடி வைத்தேன்.
முதல் துளி பிடரியில் விழுந்தபோது
எந்தக் கை ஜெயித்தது என்று தெரியாது,
ஓடை திறந்திருந்தது.

"என்ன இவ்வளவு நேரம்?" என்றார் றசல்.
"அட்டை கடிச்சிட்டு" என்றேன்.
அது பொய்யும் இல்லை.

இரவெல்லாம் தண்ணீர் தடையில்லாமல் போனது.
அடுக்களை காய்ந்து கிடந்தது.
நான்தான் தூங்கவில்லை.

விடியற்காலை ஜெசிந்தா வந்திருந்தாள்,
ஆஸ்பத்திரிக்கு மாற்றுத்துணி எடுக்க.
கழுவிவிட்ட கல் வெள்ளைவெளேரென்று
கடைவாய்ப் பல் போல் நின்றது.
அவள் ஓடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
கல்லைப் பார்த்தாளா, சொல்லத் தெரியவில்லை.
"தண்ணி நல்லா போவுது" என்றாள்.
ஆறு வருடத்தில் முதல் வார்த்தை.
"ம்" என்றேன்.
"வாரியல் இங்க கிடக்கு" என்று
வேலிக்கு மேலே நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் தேதி வாய்தா.
இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.
அதற்குள்
எவ்வளவோ இலை விழும்.